கம்பிய சாச்சுப் பிடி

எங்க பெரியப்பா வீட்டுல நடைக்கதவுக்குப் பின்னால ஒரு கம்பி சாத்தி வச்சிருக்கும். ரெண்டு முழம் நீளம் இருக்கும், சுண்டுவிரல் கனம்கூட இருக்காது, ஒரு முனைய கூரா தீட்டி மறு முனையில பழைய மம்பட்டிக் கணைய வெட்டி கைப்பிடியா போட்டிருப்பாரு. சின்ன வயசுல லீவுக்குப் போகும்போதெல்லாம் அது பாம்பு குத்துத கம்பின்னுதான் நாங்க நெனச்சிட்டு இருந்தோம். ஒரு தடவ கேட்டதுக்கு, "ஆமா, பல்லி அடிக்க வச்சிருக்கேன், போலே"ன்னாரு. அவருட்ட இருந்து நேரா பதில் வாங்குறது அம்புட்டு லேசு இல்ல.

இந்த வருஷம் ஆனி மாசம் பெரியப்பா தவறிட்டாரு. வயசு 77. ராத்திரி சாப்புட்டு படுத்தவரு, விடியக்காலம் எந்திரிக்கல. துட்டிக்கு வந்தவங்க எல்லாம் "கொடுத்து வச்ச சாவு"ன்னு சொன்னாங்க, எனக்கு அந்த வார்த்தையே பிடிக்காது, யாருக்கு கொடுத்து வச்சதுன்னு பெரியம்மாட்டதான் கேக்கணும். அப்பவே எழுதணும்னு நெனச்சு நாலஞ்சு தடவ உக்காந்தேன், ஓடல. இப்ப ஒரு சின்ன விஷயம் நடந்துச்சு, அதனால எழுதுதேன். அத கடைசில சொல்லுதேன்.

எங்க ஊரு சேரன்மாதேவிக்குப் பக்கம். கன்னடியன் கால் பாசனம், கால்வாய்த் தண்ணி வந்து ஊர்க்குளத்துல விழும், குளம் நெறஞ்சாதான் பிசான நெல்லுக்கு நாத்துப் பாவ முடியும். பெரியப்பா 1966ல, பதினெட்டு வயசுல பட்டாளத்துக்குப் போனவரு. பெங்களூர்ல அல்சூர் ஏரிக்கரை ஓரமா இருக்குல்லா மெட்ராஸ் இன்ஜினியர் க்ரூப், சுருக்கமா மெட்ராஸ் சேப்பர்ஸ், அதுல. 1780ல ஆரம்பிச்ச படை அது. அங்க சிப்பாய தம்பின்னுதான் கூப்பிடுவாங்க, ஆர்மி பூராவுமே மெட்ராஸ் சேப்பர்னா 'தம்பி'தான். சுட்டுக்கிட்டே முன்னால போறது வேற ஆளுங்க, அவங்க போறதுக்குப் பாலம் கட்டுறது, ரோடு போடுறது, மண்ணுல பொதச்ச மைன், அதாவது கண்ணிவெடி எடுக்குறது இவங்க. கம்பி வேலிய ஒடைக்க குழாய்க்குள்ள மருந்து அடைச்சு விடுத பெங்களூர் டார்பிடோன்னு ஒண்ணு இன்னைக்கும் உலகம் பூரா ராணுவத்துல இருக்கு, அதுவும் இந்த சேப்பர்ஸ் ஆபீசர் ஒருத்தரு 1912ல கண்டுபிடிச்சது. இதச் சொல்லும்போது மட்டும் பெரியப்பாவுக்கு கொஞ்சம் பெருமை எட்டிப் பாக்கும். மத்தபடி சண்டக் கதைன்னு ஒண்ணு அவர் வாயில இருந்து வரவே வராது. சேரன்மாதேவி பஸ் ஸ்டாண்ட் டீக்கடைல ஒரு மிலிட்டரிக்காரர் இருந்தாரு, அவர் சொன்னா லாகூர் வரைக்கும் டேங்க் ஓட்டிட்டு டீ குடிக்க திரும்பி வந்த மாதிரி இருக்கும். பெரியப்பா அவரப் பாத்து சிரிக்க மாட்டாரு, காசு குடுத்து டீ வாங்கிக் குடுப்பாரு. "வே, அவரு ஸ்டோர்ல இருந்தாரு, நல்ல மனுசன், எங்களுக்கு சாக்ஸ் கூடுதலா தருவாரு"ன்னு எங்கப்பாட்ட சொல்லிருக்காரு.

அவர் கல்யாணம் 1970ல. பெரியம்மா சொந்த மாமா மக. கல்யாணம் முடிஞ்சு ஒன்றரை மாசத்துல லீவு முடிஞ்சிருச்சு, திருநெல்வேலில இருந்து மீட்டர்கேஜ் ரயில் பிடிச்சு எழும்பூர், அங்க இருந்து சென்ட்ரல் போயி ஜி.டி. எக்ஸ்பிரஸ் ஏறி டெல்லி, அதுக்கு மேல வேற வண்டி, போயிச் சேரவே நாலஞ்சு நாளு. அதுக்கப்புறம் வீட்டுக்கு வந்ததெல்லாம் இன்லேண்ட் லெட்டர்தான். அனுப்புநர் இடத்துல ஊர் பேரே இருக்காது, கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.ன்னு பட்டாளத்து போஸ்ட் ஆபீஸ் நம்பர் மட்டும் இருக்கும். பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, எங்கப்பாதான் அப்ப அஞ்சாங்கிளாஸ், திண்ணையில உக்காந்து சத்தமா வாசிக்கணும், தாத்தா ஆச்சி பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாரும் கேப்பாங்க. அப்படி ஊரே கேக்குத லெட்டர்ல பொண்டாட்டிக்குன்னு என்னத்த எழுத முடியும். "அன்புள்ள அப்பா அம்மாவுக்கு"ன்னு ஆரம்பிச்சு, நெல்லு என்ன வெல போவுது, வெள்ளப் பசு கன்னு போட்டுச்சா, எல்லாம் கேட்டுட்டு கடைசில ஒரு வரி, எல்லா லெட்டர்லயும் அதே வரி: "குளத்தில் எத்தனை படி தண்ணீர் கிடக்கிறது என்று எழுதச் சொல்லவும்."

எழுதச் சொல்லவும்னா யாருட்ட? குளத்துக்கு தெனமும் குடம் எடுத்துட்டுப் போறது பெரியம்மா. படித்துறையில எத்தன படி முங்கிருக்குன்னு எண்ணிட்டு வந்து எங்கப்பாட்ட சொல்லணும், அவரு எழுதணும். "எனக்கு அந்த ஒரு வரிதாம்லா, அதுக்காவ வெயில்ல ரெண்டு தடவ போயி எண்ணிட்டு வருவேன்"னு பெரியம்மா எங்க அம்மாட்ட சொல்லிருக்கா. ஒரு தடவ எங்கப்பா சோம்பேறித்தனமா போன லெட்டர்ல எழுதுன எண்ணையே திரும்ப எழுதிட்டாரு, அதுக்கு அங்க இருந்து பதில் வந்துச்சு, "ஐப்பசி முழுக்க மழை என்று பேப்பரில் போட்டிருக்கிறான், தண்ணீர் ஏறவே இல்லையா?"ன்னு. எங்கப்பாவுக்கு அன்னைக்கு தாத்தாட்ட நல்ல அடி.

1971 டிசம்பர்ல லெட்டர் நின்னு போச்சு. பஞ்சாயத்து ரேடியோவுல செய்தி மட்டும்தான். 16ம் தேதி டாக்காவுல பாகிஸ்தான் படை சரணடைஞ்சதுன்னு சொல்லி ஊர்ல வெடியெல்லாம் போட்டாங்களாம். பெரியம்மா மட்டும் கிழக்கு எது மேற்கு எதுன்னு வாத்தியார் வீட்டுல போயி கேட்டுட்டு வந்திருக்கா. ஏன்னா பெரியப்பா இருந்தது மேற்குல, ஷகர்கர் பக்கம். பசந்தர் ஆத்துச் சண்டன்னு நெட்டுல தேடினா கெடைக்கும், அருண் கேதர்பால்ங்குற 21 வயசு ஆபீசர் டேங்குக்குள்ளயே உயிர விட்டு பரம்வீர் சக்ரா வாங்குன சண்ட. ஆத்துக்கு ரெண்டு பக்கமும் மைன் பொதச்சு வச்சிருந்தாங்க, டேங்க் போகணும்னா சேப்பர்ஸ் மொதல்ல போயி பாதை எடுத்துத் தரணும், எடுத்து முடிக்கதுக்குள்ளயே டேங்குக உள்ள போகவேண்டியதாயிருச்சு. இதெல்லாம் நான் பின்னால படிச்சது. பெரியப்பாட்ட நேர்ல கேட்டதுக்கு அவரு சொன்னது ரெண்டே வாக்கியம். "எங்க யூனிட்டும் அந்தப் பக்கந்தான் கெடந்துச்சு. சண்ட 17ம் தேதி நின்னுச்சு, ஆனா மைனுக்கு அது தெரியாதுல்லா." அதுக்கப்புறமும் பல மாசம் குப்புறப் படுத்து கம்பியால நெலத்தக் குத்திக் குத்தி எடுத்துட்டு இருந்திருக்காங்க. ஜனவரில ஒரு கார்டு வந்துச்சு, "நலம். படி எத்தனை?" அவ்வளவுதான். எங்கப்பா அத வாசிச்சதும் ஆச்சி தரையில உக்காந்துட்டாளாம், பெரியம்மா குடத்த எடுத்துட்டு குளத்துக்குப் போயிட்டாளாம்.

22 வருஷ சர்வீஸ் முடிச்சு 1988ல ஹவில்தாரா ரிட்டயர் ஆகி வந்தாரு. அதுக்கு முந்தின வருஷம் இலங்கைக்கு படை போச்சுல்லா, அதுல அவரு யூனிட் போகல. அத மட்டும் "நல்லவேள"ன்னு ஒரு வார்த்த சொல்லி துண்ட எடுத்து மூஞ்சத் தொடச்சுக்கிடுவாரு, மேல கேக்கப்படாது.

வந்தவரு செக்யூரிட்டி வேல, பேங்க் வாட்ச்மேன் வேலன்னு எங்கயும் போகல. மூணு ஏக்கர் வயலு, ரெண்டு பொம்பளப் பிள்ளைய. ரெண்டு அக்காவையும் பாளையங்கோட்டைல ஹாஸ்டல்ல சேத்து காலேஜ் படிக்க வச்சாரு. "பொட்டப்பிள்ளைக்கு என்னத்துக்கு இம்புட்டு செலவு"ன்னு எங்க தாத்தாவே சொல்லிருக்காரு, பெரியப்பா பதில் சொல்லல, திங்கக்கெழம காலம்பர பஸ்ஸுல பெட்டியத் தூக்கிட்டுப் போயி விட்டுட்டு வந்துட்டாரு. அவர் ஸ்டைலே அதுதான், வாதம் பண்ண மாட்டாரு, செஞ்சிட்டு வந்துருவாரு.

இப்ப கம்பிக்கு வாரேன். 2023 டிசம்பர் 17, ஞாயித்துக்கெழம. அந்த மழைய இந்தப் பக்கத்துக்காரங்க யாரும் மறக்க மாட்டாங்க, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர், ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல ரயிலோட சனங்க மாட்டிக்கிட்டாங்க. 1992 நவம்பர் வெள்ளத்தப் பாத்தவங்களே இது வேற மாதிரின்னு சொன்னாங்க. நான் ஒரு கல்யாணத்துக்கு ஊருக்கு வந்திருந்தேன், அப்படியே மாட்டிக்கிட்டேன். சாயங்காலமே குளம் மறுகால் பாய ஆரம்பிச்சிருச்சு, ராத்திரி கரைக்குக் கீழ ஒரு எடத்துல தண்ணி ஊறுதுன்னு நீர்ப்பாச்சி ஓடி வந்து சொன்னாரு. கரைக்குக் கீழதான் கீழத்தெரு, அறுபது எழுபது வீடு.

பெரியப்பாவுக்கு அப்ப 75 வயசு. கம்பிய எடுத்தாரு, யூரியா சாக்க முக்காடு மாதிரி மடிச்சு தலையில போட்டுக்கிட்டாரு, "ஏல, டார்ச்ச எடுத்துட்டு வா"ன்னாரு. கரண்ட் இல்ல, செல்போன் டவர் இல்ல. போயிப் பாத்தா கரையோட வெளிப்பக்கம் அடியில பொளபொளன்னு தண்ணி வருது. மொதல்ல அவரு செஞ்சது அந்தத் தண்ணிய உள்ளங்கையில ஏந்தி டார்ச் வெளிச்சத்துல பாத்ததுதான். "கலங்கலா வருது பாத்தியா. தெளிவா வந்தா வெறும் கசிவு, பயப்பட வேண்டாம். கலங்கலா வந்தா உள்ளுக்குள்ள மண்ணக் கரச்சு எடுத்துட்டு வருதுன்னு அர்த்தம், விடியதுக்குள்ள கர போயிரும்." அப்படியே மழைக்குள்ள கரை மேல ஏறி, தண்ணிப் பக்கச் சரிவுல குப்புறப் படுத்துட்டாரு. படுத்துக்கிட்டு கம்பிய சாச்சுப் பிடிச்சு பைய பைய உள்ள எறக்குதாரு, உருவுதாரு, நாலு விரக்கட தள்ளி மறுபடியும் எறக்குதாரு. கண்ண மூடிக்கிட்டாரு, நெசமா கண்ண மூடிட்டுதான் செஞ்சாரு, கம்பி என்ன சொல்லுதுன்னு கை கேக்குது அவ்வளவுதான். எனக்கு பொறுமை போயி "பெரியப்பா நேரா குத்துனா சீக்கிரம் எறங்குமே, குடுங்க நான் குத்துதேன்"னு கைய நீட்டுனேன்.

"நேரா குத்துனா செத்துருவலே"ன்னாரு. சொல்லிட்டு, எங்க இருக்கோம்னு அவருக்கே அப்பதான் உறச்ச மாதிரி ஒரு நிமிசம் பேசாம கெடந்தாரு. பொறவு, "மைன் மண்டையில அமுக்குனாத்தான் வெடிக்கும். சாச்சுக் குத்துனா வெலாவுல முட்டி நிக்கும், ஒண்ணும் செய்யாது. எலி வளையும் அப்படித்தான், மேல இருந்து குத்துனா ஓட்டைக்கு பக்கத்துல எறங்கி உனக்குத் தெரியாமலே போயிரும், சாச்சுப் போனா எங்கயாவது குறுக்க விழும்"னாரு. எனக்கு அவரு சொன்ன ஒரே சண்டக் கதை இதுதான், அதுவும் எலி வளைக்காக.

முக்கா மணி நேரம் இருக்கும். ஒரு எடத்துல கம்பி பொசுக்குனு உள்ள போச்சு. "இங்கன"ன்னாரு. பனையோலையும் வைக்கோப்பிரியும் களிமண்ணும் போட்டு தண்ணிப் பக்கம் அடச்சாங்க, கீழ ஊறுத எடத்தச் சுத்தி மணல் மூட்டைய கெணத்து ஒற மாதிரி வட்டமா அடுக்குனாங்க. அந்த ஊத்த அடைக்கக் கூடாது, சுத்தி தண்ணி ஏறி நின்னா அதோட கனமே உள்ள வாரத மட்டுப்படுத்தும்னு அவர்தான் சொல்லிக் குடுத்தாரு. நாலு மணிவாக்குல ஊறுத தண்ணிய திரும்ப கையில ஏந்திப் பாத்தாரு. தெளிஞ்சிருந்துச்சு. வீட்டுக்கு வந்து தல தொவட்டிட்டு கருப்பட்டிக் காப்பி போட்டாரு, உள்ள கட்டில்ல இருந்து பெரியம்மா கொரல் வருது, "எத்தன படி?" அவரு அடுப்படில இருந்தே, "படியா? படித்துறையே காணும் ஏட்டி."

பெரியம்மாவுக்கு 2016ல பக்கவாதம் வந்து எடது பக்கம் விழுந்துருச்சு. அதுக்கப்புறம் ஒம்பது வருஷமா எல்லாம் பெரியப்பாதான். குளிப்பாட்டி, சேல கட்டிவிட்டு, தேங்காண்ண தேச்சு தல பின்னி விடுவாரு. சடை பின்னத் தெரியாது அவருக்கு, மொதல்ல கட்டில் கால்ல கயித்தக் கட்டி அதுல பின்னிப் பழகுனாரு, சேப்பர்ங்களுக்கு முடிச்சுப் போடுறதெல்லாம் ட்ரெயினிங்லயே உண்டு, அந்தத் தெம்பு. பின்னிட்டு வந்து காட்டுனா பெரியம்மா தடவிப் பாத்துட்டு "இது சடையா, பொட்டியக் கட்டுத கயிறா?"ன்னு கேப்பா. அந்தச் சடை மறுநாள் காலம்பர வரைக்கும் ஒரு முடி அவுறாது, அது நெசம். அக்காமாரு வந்து பின்னுனா மத்தியானமே லூசாயிரும். வேல பாக்க ஆள் வைக்கலாம்னு அக்கா சொன்னதுக்கு, "18 வருஷம் அவ ஒத்தையில இருந்தா, இன்னும் கணக்குத் தீரல"ன்னுட்டாரு.

ஊருக்கு அவரு செஞ்சத எழுதுனா நீளமா போவும். பட்டாளத்துல சேர நெனைக்குத பயலுவள காலம்பர அஞ்சு மணிக்கு கரையில ஓட விடுவாரு, ஆயிரத்து அறுநூறு மீட்டர அஞ்சரை நிமிசத்துல ஓடணும், கையில பழைய வாட்ச்ச வச்சுட்டு நிப்பாரு. 2022ல நாலு வருஷத்துக்குன்னு பட்டாளத்துக்கு ஆள் எடுக்குத அக்னிபாத் வந்தப்ப, "நாலு வருஷத்துல ஒருத்தன் பூட்ஸுக்கு பாலிஷ் போடத்தான் படிப்பான்"னு கடுப்பா திட்டுனாரு, ஆனா மறுநாளும் அஞ்சு மணிக்கு கரையில நின்னாரு. எனக்குப் பெருசா தெரியுறது வேற ஒண்ணு. பட்டாளத்தாரு செத்துப்போனா பொண்டாட்டிக்கு பேமிலி பென்ஷன் வரணும், ஆனா ஆர்மி ரெக்கார்டுல 'லட்சுமி'ன்னு இருக்கும், ஆதார்ல 'லெட்சுமியம்மாள்'னு இருக்கும், பிறந்த தேதி ரெண்டுலயும் வேற வேற, புருசன் உயிரோட இருந்தப்ப சேத்து எடுத்த போட்டோ கெடையாது. அந்தப் பொம்பளைங்கள ஆபீஸ் ஆபீஸா அலைய விடுவாங்க. இவரு ஒரு மஞ்சப்பைய தூக்கிட்டு அவங்கள பஸ்ஸுல கூட்டிட்டுப் போவாரு, பாளையங்கோட்டைக்கு, பேங்குக்கு, ரெக்கார்ட் ஆபீசுக்கு லெட்டர் போட்டு, பென்ஷன் வேலையெல்லாம் ஸ்பர்ஷ்னு ஆன்லைன்ல வந்தப்புறம் அதையும் பழகிக்கிட்டாரு, 73 வயசுல பாஸ்வேர்ட நோட்டுல எழுதி வச்சுக்கிட்டு. டிக்கெட் காசுகூட வாங்க மாட்டாரு. இந்த வெசயத்துல நான் ஒரு தப்பு பண்ணிருக்கேன். 2019ல ஒரு அம்மாவுக்கு இங்கிலீஷ்ல ஒரு பெட்டிஷன் எழுதித் தாலேன்னு போன் பண்ணாரு, ஆகட்டும் பெரியப்பான்னுட்டு மூணு வாரம் இழுத்தடிச்சேன். ஆபீஸ் வேலைன்னு சொன்னேன், பொய்யி, சோம்பேறித்தனம்தான். அவரு திரும்ப கேக்கவே இல்ல. தமிழ்லயே எழுதி, ஒரு வாத்தியார்ட்ட குடுத்து மாத்தி அனுப்பிட்டாராம், அந்தம்மாவுக்கு பென்ஷனும் வந்துருச்சு. பதினாறாம் நாள் அந்தம்மா வந்து என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதப்ப எனக்கு எங்க மூஞ்ச வைக்கன்னு தெரியல.

துட்டி வீட்டுல ஒரு பிரச்சன நடந்துச்சு. பயலுவ எங்க இருந்தோ தேசியக்கொடி வாங்கிட்டு வந்து மேல போத்தணும்னு நின்னானுவ. அவரு முன்னாலேயே எங்கப்பாட்ட சொல்லி வச்சிருந்தாரு, சர்வீஸ்ல செத்தவனுக்கும் சர்க்கார் மரியாதை குடுக்கவனுக்கும்தான் கொடி, எனக்குப் போத்தக்கூடாது, ரூல் கெடையாதுன்னு. பயலுவளுக்கு கோவம், ஒருத்தன் அழுதே போட்டான். கடைசில சங்கரன்கோவில் பக்கமிருந்து எம்பது வயசு பெரியவர் ஒருத்தரு மெடலக் குத்திக்கிட்டு வந்தாரு, கூட சர்வீஸ் பாத்தவராம், கால்மாட்டுல வெறப்பா நின்னு சல்யூட் அடிச்சாரு, "போயிட்டு வா தம்பி"ன்னாரு, போயிட்டாரு. காப்பிகூட குடிக்கல. பெரியப்பாவவிட மூணு வயசு மூத்தவர்ங்கறதால தம்பின்னு சொன்னதா எல்லாரும் நெனச்சாங்க.

ட்ரங்க் பெட்டியத் தொறந்தா மேலயே ஒரு ஃபைல். பென்ஷன் ஆர்டர் காப்பி, ஜாயிண்ட் அக்கவுண்ட் பாஸ்புக், ரெண்டு பேரும் சேந்து எடுத்த போட்டோ ஆறு, பெரியம்மா பேரையும் பிறந்த தேதியையும் ரெக்கார்டுல சரி பண்ணி வாங்குன லெட்டர் 1996 தேதி போட்டு. கூடவே நாலா மடிச்ச ஒரு தாளு, அவரு கையெழுத்து. டெத் சர்டிபிகேட் பத்து காப்பி வாங்கு. ஜெராக்ஸ ஒத்துக்கிட மாட்டான். கடைசி வரி: நவம்பர்ல லைஃப் சர்டிபிகேட் குடுக்கணும், அவளுக்கு கைரேகை விழாது, மெஷின்ல அமுக்கச் சொல்லி சிரமப்படுத்தாத, செல்லுல மூஞ்சி வச்சு எடுத்துரலாம்.

ஊரு பூரா அலைஞ்சு வாங்கிக் குடுத்தவரு பொண்டாட்டிக்கு ஒரு நாள்கூட அலைய வேண்டியதில்லாம பேமிலி பென்ஷன் மூணாவது மாசமே வந்துருச்சு. போன வாரம் லைஃப் சர்டிபிகேட் எடுக்க நான் போனேன். பெரியம்மாவ கட்டில்ல சாச்சு உக்கார வச்சு செல்ல நீட்டுனா, கண்ணச் சிமிட்டுன்னு அதுல வருது. ஒரு பக்கம் விழுந்த மூஞ்சி, அஞ்சாறு தடவ எடுக்கல.

"என்னத்துக்குல கண்ணச் சிமிட்டச் சொல்லுதான்?"

"நீங்க உயிரோட இருக்கீங்களான்னு பாக்குதாங்க பெரியம்மா."

"அதுக்கு கண்ணச் சிமிட்டணுமாக்கும்"னு சொல்லிட்டு, நல்லா இருக்குத வலது கையால பின்னந்தலையத் தடவுனா. அக்கா பின்னுன சடை மத்தியானத்துலயே அவுந்து கெடந்துச்சு.

"பொறுல. தலையப் பின்னிட்டு எடு."

அக்கா சீப்ப எடுக்க உள்ள போனா.